ஜீப்புக்கு நான் வரைந்த ஸ்பேசர்

ஜீப்புக்குப் பெரிய டயர் போடப்போகிறேன் என்று அண்ணன் சொன்னபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எண்பதுகளின் கடைசி. ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து, மறைமலை நகரில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் ட்ராயிங் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த ஆபீஸில் பெண் நான் ஒருத்திதான். எங்கள் தெருவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண்ணும் நான்தான். அந்த இரண்டையும் நான் ஒரு நிமிடமும் மறந்ததில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்களுடையது பீர்க்கன்கரணை ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். அப்பா இருக்கும்போதே நிலத்தில் பாதி மனைகளாகிவிட்டது. அவர் போன பிறகு அண்ணன் சவுக்கு வியாபாரத்தில் இறங்கினார். தாம்பரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சாரம் கட்டவும் கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்கவும் சவுக்குக் கழி வேண்டும். நாவலூருக்கு அந்தப் பக்கம் கடலை ஒட்டிய தோப்புகளில் அண்ணன் மரம் பேசி வெட்டுவார். வெட்டிய கழிகளை மணலிலிருந்து தார் ரோடு வரைக்கும் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. லாரி உள்ளே போகாது, மாடு மூச்சு வாங்கி நின்றுவிடும். அதற்காகத்தான் மிலிட்டரியில் கழித்துவிட்ட ஒரு பழைய ஜீப்பை ஏலத்தில் எடுத்தார். பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு அது தோப்புக்குள் உறுமிக்கொண்டு போகும். கோடையில் பரவாயில்லை. மழை வந்துவிட்டால் அதுவும் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். ஆறு பேர் தள்ள வேண்டும்.

"டயர் சின்னது. அதான் முழுங்கிக்கிது மண்ணு," என்றார் அண்ணன். எங்கிருந்தோ நான்கு டயர் வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய மிலிட்டரி வண்டிக்குப் போடுவது. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். ஜீப்பின் பழைய டயரைப் பக்கத்தில் நிறுத்தினால் அப்பனும் பிள்ளையும் போல இருந்தது. ரிம்மில் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் மாட்டிவிட்டு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் டயர் உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையில் போய் உரசியது. தெரு முனையில் திரும்புவதற்குள் ரப்பர் கருகும் நாற்றம் வந்துவிட்டது.

அண்ணன் நேராக பாயிடம் போனார்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருந்தவர் அவர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் வெறும் பாய்தான். அவரும் அண்ணனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். எங்கள் அப்பா இறந்தபோது பட்டறையை மூன்று நாள் பூட்டிவிட்டு வந்து, வாசலில் நாற்காலி போடுவதும் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுமாக இருந்தார். நான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்ததற்குக்கூட அவர்தான் காரணம். "நல்லா படம் போடுது தங்கச்சி, சேத்து வுடு மச்சான்," என்று அண்ணனிடம் சொன்னவர் அவர்.

பாய் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"சக்கரத்த ரெண்டு பக்கமும் ஒரு இன்ச் வெளிய தள்ளணும் மச்சான். நடுவுல தட்டு மாதிரி ஒண்ணு கடைஞ்சு போட்ரலாம். ஸ்பேசர்னு சொல்வாங்க. உள்ள கீற ஸ்டட்டு எட்டாது, அதையும் நீளமா மாத்தணும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம வூட்லயே இன்ஜினியர் கீதே. படம் போட்டுக் குடுக்கும்," என்றார்.

நான் இன்ஜினியர் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றவைத்து அளவு எடுத்தேன். அடுத்த நாள் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில், கொண்டுபோன தயிர்சாதத்தைத் திறக்காமல், டிரேசிங் பேப்பரில் வரைந்தேன். இரண்டு பக்கப் பார்வை, ஒரு வெட்டுத் தோற்றம், ஐந்து துளை, கீழே ஸ்டட்டுக்கு, அதாவது நட்டு ஏறும் மரையாணிக்கு, தனிப்படம். ஒரு சக்கரத்துக்கு ஐந்து ஸ்டட், நான்கு சக்கரத்துக்கு இருபது. கம்பெனித் தாளில் இருக்கிற மாதிரி கீழே வலது மூலையில் கட்டம் போட்டு, "வரைந்தவர்" என்ற இடத்தில் என் கையெழுத்தையும் போட்டேன். மெட்டீரியல் கட்டத்தில் தட்டுக்கும் ஸ்டட்டுக்கும் சேர்த்து எம்.எஸ். என்று எழுதினேன்.

எம்.எஸ். என்றால் மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு. எங்கள் செக்‌ஷனில் நான் வரைந்ததெல்லாம் எந்திரத்தில் பாகத்தை ஆடாமல் பிடித்துவைக்கும் சட்டங்கள். எல்லாவற்றுக்கும் எம்.எஸ்.தான். கை தானாக எழுதிவிடும். ஸ்பேசர் தட்டுக்கு அது போதும். சக்கரத்தை வண்டியோடு பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்டட்டுக்குப் போதாது. அதற்கு இழுவை தாங்கும் உயர்ந்த ரக எஃகு வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

சாயங்காலம் அதை ஆபீஸிலேயே பிரிண்ட் எடுத்து, அம்மோனியா நாற்றம் போகாத அந்த நீலத் தாளைச் சுருட்டிக்கொண்டு தாம்பரத்தில் இறங்கினேன். அண்ணன் முன்பே பட்டறைக்கு வந்திருந்தார். பம்ப் ஷாஃப்ட் கடையக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த இரண்டு மேஸ்திரிகளும் இருந்தார்கள். பாய் தாளை மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு நட்டை வைத்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஷோக்கா கீது தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு. இந்த ஜீப்புல லெஃப்ட் சைடு சக்கரத்துக்கு மரை உல்ட்டாவா ஓடும். நீ எல்லாத்தையும் ரைட் மரையா போட்டுகிற. நீ ஒண்ணும் மாத்தவாணாம், நான் பாத்துக்கறேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். "இன்னாடி இன்ஜினியரு, மொத படத்துலயே மாட்டிகினியா?"

மேஸ்திரிகளும் சிரித்தார்கள். கேலியில் விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நானே அந்த நட்டுகளைக் கழற்றியிருந்தால் தெரிந்திருக்கும். கழற்றியது அண்ணன், நான் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் டீ சொல்ல வெளியே போனார். மேஸ்திரிகளும் கூடவே போனார்கள். பாய் இன்னும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மெட்டீரியல் கட்டத்தில் வைத்தார்.

"ஸ்டட்டுக்குமா எம்.எஸ்.?"

அவர் கேட்ட தொனி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மட்டம் தட்டும் தொனி இல்லை. அண்ணன் காதில் விழக்கூடாது என்பதுபோலத் தணிந்த குரல். இன்னொரு முறை நான் சிரிப்புக்கு ஆளாகக் கூடாது என்று நினைத்துத்தான் அவர் காத்திருந்து கேட்டிருக்க வேண்டும். அது அப்போது எனக்குப் புரியவில்லை. இரண்டாவது தப்பு கண்டுபிடிக்கிறார் என்றுதான் பட்டது.

"ட்ராயிங்ல என்ன போட்டிருக்கோ அதன்படி செஞ்சா போதும்," என்றேன்.

எங்கள் செக்‌ஷனில் மேலதிகாரி பட்டறைக்காரர்களிடம் பேசுகிற வாக்கியம் அது. அப்படியே சொன்னேன்.

பாய் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு நட்டுகளை எடுத்துவிட்டுத் தாளை மடித்தார். "சரி தங்கச்சி. நீ சொன்னா சரிதான்," என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் பெருங்களத்தூர் வருவதற்குள், அவர் கேட்டது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியின் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்தக் கட்டம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அடுத்த ரயிலில் திரும்பிப் போயிருக்கலாம். ஒரே ஸ்டேஷன், ஐந்து நிமிடம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கு ஆபீஸில் வேலை அதிகம். அதற்கு மறுநாள் அவர் தட்டைக் கடைய ஆரம்பித்திருப்பார் என்று தோன்றியது. இனிமேல் போய்ச் சொன்னால் அண்ணன் வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஜீப் என்ன பம்பாய்க்கா போகப்போகிறது, தோப்பு மணலில் ஊர்ந்துதானே போகிறது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை வாசலில் வைத்து மாட்டினார்கள். ஜாக்கி போட்டு ஜீப்பைத் தூக்கி, பழைய ஸ்டட்டுகளைத் தட்டி எடுத்து, புதியவற்றை இறக்கி, ஸ்பேசரை வைத்தார்கள். தட்டுகள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. என் படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தன. விளிம்பில் கை கிழியாமல் இருக்க அவராகவே ஓரத்தை மழுக்கியிருந்தார். பெரிய சக்கரத்தை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, பாய் ஒவ்வொரு நட்டாக எதிரெதிராக முறுக்கினார். கடைசியில் ஸ்பேனர் கம்பியின் மேல் ஏறி நின்று இறுக்கினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். இருபது நட்டு முறுக்கும் நேரம் எனக்கு இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஜீப் கீழே இறங்கி நின்றதும் எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். ஒரு சாண் உயர்ந்தது போல இருந்தது. சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு, சண்டைக்குப் போகிற ஆள் காலை அகட்டி நிற்கிற மாதிரி நின்றது. அம்மா சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அண்ணன் என்னையும் பாயையும் ஏற்றிக்கொண்டு நேரே பீர்க்கன்கரணை ஏரிக்குப் போனார். தண்ணீர் வற்றி, ஓரத்தில் சேறு நொதநொதவென்று கிடந்த இடத்தில் வண்டியை இறக்கினார். ஜீப் ஒரு தடவை மூக்கைத் தாழ்த்தியது, பிறகு பல் பல்லாகச் சேற்றை வாரி அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஏறிவிட்டது. அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "யாரு படம்! யாரு கடைசல்!" என்றார். பாயும் சிரித்தார். நானும் சிரித்தேன். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

நாலைந்து மாதம் ஓடியது. ஸ்டியரிங் கனமாகிவிட்டது என்று அண்ணன் சொன்னார். ரோட்டில் போகும்போது முன்பக்கம் லேசாக உதறுகிறது என்றார். பாய் வாரம் ஒரு தடவை நட்டுகளை இறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் போகாத வாரம் அவரே சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்து இறுக்கிவிட்டுப் போவார். அம்மாகூட, "இன்னா பாய், உங்களுக்கு வேற வேல இல்லியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஏன் அப்படி வந்துகொண்டிருந்தார் என்று எனக்கு மட்டும் தெரியும். அவருக்குப் பயம். எனக்கும் பயம். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழையில் அது நடந்தது. தோப்பிலிருந்து லோடு ஏற்றி அனுப்பிவிட்டு, டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணன் வெறும் ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தார். கூட ஒரு வேலையாள். பகல் பன்னிரண்டு மணி. சோழிங்கநல்லூர் தாண்டி மேடவாக்கம் வரும் வழியில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. பெரிய டயர் போட்டால் வேகம் காட்டும் முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போய்விடுகிறது அல்லவா? அதையும் நான் அண்ணனிடம் சொல்லியிருக்கவில்லை. முள் நாற்பது காட்டியதாக அவர் பிறகு சொன்னார். முன்பக்க வலது சக்கரம் தனியாகக் கழன்று அவருக்கு முன்னால் உருண்டு ஓடியதை அவர் பார்த்திருக்கிறார். "என் சக்கரம் எனக்கு முன்னாடி போவுது, நான் பின்னாடி போறேன்," என்று ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜீப் மூக்கால் ரோட்டைக் கீறிக்கொண்டு போய் வயலில் கவிழ்ந்தது. வேலையாள் சேற்றில் விழுந்து சிராய்ப்போடு தப்பினார். அண்ணனுக்கு இடுப்பெலும்பும் வலது தொடையும் உடைந்தன.

கம்பெனி வாட்ச்மேன் வந்து போன் என்று கூப்பிட்டபோதே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். விஷயம் என்ன என்று அவரிடம் கேட்கக்கூட இல்லை.

ஜீப்பை லாரியில் தூக்கிவந்து எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் போட்டார்கள். பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர் உடைந்த ஸ்டட்டின் அடிக்கட்டையை ஆணியால் சுரண்டிப் பார்த்தார்.

"அஞ்சும் கத்திரிச்ச மாதிரி அறுந்துகீது. இது சும்மா கம்பிமா, கேட்டுக்குப் போடற இரும்பு. எவன் செஞ்சு குடுத்தான் இத?"

அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். அன்று சாயங்காலமே அந்த வார்த்தை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அண்ணன் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார்.

"நம்பிக் குடுத்தேன். எவ்ளோ ஆனாலும் நல்லதா போடுன்னுதான் சொன்னேன். மட்டமான இரும்பப் போட்டு என்னக் கவுத்துட்டானே," என்றார். வலியில் அழுதாரா, அந்த நினைப்பில் அழுதாரா என்று தெரியவில்லை. அண்ணன் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

நான் கையில் ஹார்லிக்ஸ் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அது ஆறுவதற்காக இன்னொரு டம்ளருக்கு மாற்றி மாற்றி ஊற்றினேன். ஆறிய பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் எனக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. ஒரு வரனும் பேச்சில் இருந்தது. இவையெல்லாம் காரணம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். காரணம் அவை இல்லை. அண்ணன் பாயைப் பற்றிப் பேசியபோது அவர் முகம் இருந்த விதம். அந்த முகத்தை என் பக்கம் திருப்பிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள் பாய் வந்தார். வார்டின் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். சட்டைப் பைக்கு வெளியே ஒரு நீலத் தாள் மடிப்போடு நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

"மச்சான்," என்றார்.

அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "போயிடச் சொல்லு," என்றார் என்னிடம்.

பாய் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் குனிந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த கூடையில் எதையோ தேடினேன். ஆரஞ்சுப் பழங்களைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. நான் நிமிர்ந்தபோது அந்தத் தாள் பைக்குள்ளே போயிருந்தது. அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் எட்டு மாதம் படுத்திருந்தார். எழுந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது. வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டோம். மேடவாக்கம் ரோட்டில் ஒரு கடை பிடித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே சவுக்கு விற்றார். வியாபாரம் படுக்கவில்லை, அதுவரைக்கும் சரி. ஆனால் கடைக்கு வருகிற மேஸ்திரி, காண்டிராக்டர் எல்லோரிடமும், காலைத் தடவிக்கொண்டே அந்தக் கதையைச் சொல்வார். கான்கிரீட் மிக்சர் வைத்திருந்தவர்கள், போர்வெல் பம்ப் வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்த ஆட்கள்தான். பாய் பட்டறைக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். ஒவ்வொருவராக வேறு பட்டறைக்குப் போனார்கள். அண்ணன் யாரையும் பாயிடம் போகாதே என்று சொல்லவில்லை. காலைக் காட்டினார், அவ்வளவுதான்.

பாய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் காதுக்கு வந்திருக்கும்.

இதோடு முடிந்திருந்தால், பயந்த ஒரு சின்னப் பெண் என்று என்னை நான் மன்னித்திருப்பேனோ என்னவோ. முடியவில்லை.

தொண்ணூறுகள் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். எனக்குக் கல்யாணமாகிக் குரோம்பேட்டைக்கு வந்துவிட்டேன். அதே கம்பெனி, இப்போது சீனியர். கம்பெனியில் சின்னச் சின்ன உருப்படிகளை வெளிப் பட்டறைகளுக்குக் கொடுத்துச் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு நாள் மேலதிகாரி என் மேஜைக்கு வந்து ஒரு புஷ்ஷை வைத்தார், நடுவில் துளையுள்ள சின்ன உலோக வளையம். மாதிரிக்காக ஒரு பட்டறைக்காரர் செய்து அனுப்பியது. எடுத்துப் பார்த்தேன். உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி மாதிரி இருந்தது. ஓரம் மழுக்கியிருந்தது. யார் செய்தது என்று அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"வெஸ்ட் தாம்பரம் பார்ட்டி. மெஷர்மென்ட் எல்லாம் பக்கா. நீங்க அந்தப் பக்கம்தானே? ஆள் எப்படி?"

"சரியா தெரியாது சார்."

"நல்லவிதமா ஏதாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்ல சார்."

அவர் புஷ்ஷை எடுத்துக்கொண்டு போனார். வேலை வேறு பட்டறைக்குப் போயிற்று. பாய் எங்கள் ஆபீஸுக்கு வந்து போக ஆரம்பித்தால், என்றைக்காவது ஒரு நாள் என் படத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிடும் என்று பயந்தேன். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை அது. கேட்டவுடன் வாயில் இருந்தது.

பெரிய கார் கம்பெனி மறைமலை நகருக்கு வந்தபோது, அந்த மாதிரிச் சின்ன உருப்படியில் ஆரம்பித்த பட்டறைகள் ஜி.எஸ்.டி. ரோடு நெடுக ஷெட் போட்டு, நாலு எந்திரம், பத்து எந்திரம் என்று வளர்ந்தன. பாய் பட்டறை இருந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. நான் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு மாறிக்கொள்வேன்.

விபத்து நடந்து பத்து வருடம் ஆனபோது அண்ணன் பழைய வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டினார். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை எழுத என்னைக் கூப்பிட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் கவரில் எழுதினேன். எல்லாம் முடிந்து மீதி இருந்த பத்திரிகைகளை அடுக்கும்போது அண்ணன், "எல்லாம் சரியா இருந்திருந்தா மொத பத்திரிகை அவனுக்குத்தான் போயிருக்கும். இன்னா பண்றது, அப்படிப் பண்ணிட்டான்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இல்லாமல் போன ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

நான் பேனாவை மூடிவைத்தேன்.

"அவர் பண்ணல அண்ணா. ஸ்டட்டுக்கு எம்.எஸ்.னு ட்ராயிங்ல எழுதினது நான்."

அண்ணனுக்குச் சட்டென்று புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். கட்டம், கையெழுத்து, அவர் டீ சொல்லப் போயிருந்தது, பாய் கேட்டது, நான் சொன்ன பதில். ஆஸ்பத்திரியில் சட்டைப் பையில் இருந்த தாள். புஷ் விஷயத்தையும் சொன்னேன்.

"அவன் கேட்டானா?"

"கேட்டார்."

"கேட்டும் நீ அதான்னு சொன்ன."

"ஆமா."

அண்ணன் கொஞ்ச நேரம் காலை நீவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கால் போனது போவட்டும். இத்தினி வருஷமா அவன நான் பேசினதெல்லாம் நீ கேட்டுகினுதான இருந்த?"

நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

விசாரித்ததில் பாய் கூடுவாஞ்சேரியில் இருக்கிறார் என்று தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையோடு ரயிலில் போனோம். ரயில்வே லைனை ஒட்டிய ஒரு ஷெட்டில், வேறொருவருடைய லேத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணன் நொண்டிக்கொண்டு உள்ளே வருவதைப் பார்த்ததும் எந்திரத்தை நிறுத்தினார். விபத்துக்குப் பிறகு அண்ணன் நடப்பதை அவர் பார்த்ததே இல்லை. அவருடைய பார்வை முதலில் காலுக்குப் போய்விட்டு அப்புறம்தான் முகத்துக்கு வந்தது.

"இது சொல்லிச்சுடா," என்றார் அண்ணன். என் பக்கம் கையைக் காட்டினார்.

ஸ்டூல்களை இழுத்துப் போட்டு எங்களை உட்காரவைத்தார் பாய். நான் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளைச் சொன்னேன். மன்னிச்சிடுங்க என்றேன். புஷ்ஷைப் பற்றியும் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கையில் இருந்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்மா," என்றார்.

முன்பெல்லாம் அவர் என்னை நீ என்றுதான் சொல்வார்.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "இது மேல மட்டும் தப்புன்னு சொல்ல முடியாது மச்சான். எம்.எஸ். தாங்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கடைஞ்சேன். வேணாம்னு சொல்லிப் படத்தத் திருப்பிக் குடுத்திருக்கணும். தங்கச்சி மனசு கஷ்டப்படுமேன்னு செஞ்சுட்டேன். வாரா வாரம் வந்து இறுக்கினா போதும்னு நெனச்சேன். அந்த வாரம் மழைல வரல." துணியை லேத் மேல் போட்டார். "ஆஸ்பத்திரில படத்தக் காட்டியிருந்தா நீ இன்னா கேட்டிருப்ப? தெரிஞ்சு ஏண்டா செஞ்சேன்னு கேட்டிருப்ப. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதான் எடுத்துகினு போய்ட்டேன்."

அண்ணன் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெளியே ஒரு ரயில் போயிற்று. நான் அங்கே இருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை என்று தோன்றியது. இருக்கக்கூடாது என்றும் தோன்றியது. எழுந்து வாசலுக்கு வந்து நின்றேன்.

கிரகப்பிரவேசத்துக்கு பாய் வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரிக்குப் போய்வர ஆரம்பித்தார். கடையில் கால் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார் என்று அண்ணி சொன்னார்கள். பழைய மேஸ்திரிகள் சிலரிடம் உண்மையைச் சொல்லவும் செய்தாராம். ஆனால் அவர்களில் பாதிப்பேர் ஊரிலேயே இல்லை, மீதிப்பேருக்கு அது யார் என்றே நினைவில்லை. பாய்க்குத் திரும்பவும் ஒரு பட்டறை வைத்துக்கொடுக்க அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கண் முன்பு போல இல்லை என்றாராம்.

என்னிடம் அண்ணன் முன்பு போலவேதான் பேசினார். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார், என் பிள்ளைகளைக் கொஞ்சினார். இன்ஜினியர் என்று மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாளும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரிக்குக் கிளம்பும்போது நான் அங்கே இருந்தாலும், வருகிறாயா என்று கேட்டதில்லை. நானும் வரட்டுமா என்று கேட்டதில்லை.